சுட்ட எண்ணெயில் டீசல் இன்ஜின் ஓடுமா?

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பலகாரத்தை யாரும் எண்ணிக் கணக்கு வைப்பதில்லை; டின் டின்னாகத்தான் கணக்கு. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் என்று சுட்டு இறக்கி முடிக்கும்போது அடுப்படியில் அரை டின்னோ ஒரு டின்னோ சுட்ட எண்ணெய் மிஞ்சி நிற்கும். கல்யாண வீட்டில் எப்போதாவது மிஞ்சுவது, காரைக்குடியில் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்பும் கடைகளில் அடிக்கடி மிஞ்சுகிறது. அந்த டின்னைப் பார்க்கிறவர்களில் ஒருவராவது கேட்டுவிடுவார்: "இதை வடிகட்டி டீசல் வண்டியில் ஊற்றினால் ஓடுமாமே, உண்மையா?"

ஓடும். இதில் கண்கட்டு வித்தை எதுவும் இல்லை. ஆனால் எந்த இன்ஜின், எந்த எண்ணெய், எத்தனை நாளைக்கு என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். சுட்ட எண்ணெயில் வண்டி ஓடுவதைக் காட்டும் காணொளிகள் பெரும்பாலும் முதல் நாளோடு முடிந்துவிடுகின்றன. இன்ஜின் முதல் நாளில் கெடுவதில்லை.

ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினைக் கடலை எண்ணெய்க்காகவே கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. ஆகஸ்ட் 10-ஐ உயிரி எரிபொருள் நாளாகக் கொண்டாடும்போது, 1893-இல் அவர் கடலை எண்ணெயில் இன்ஜினை ஓட்டிக் காட்டினார் என்றும் மேடையில் சொல்வார்கள். அது சரியல்ல. 1893-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்தது முதல் மாதிரி இன்ஜினின் சோதனை. கடலை எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. கடலை எண்ணெய் வந்தது 1900-இல், பாரிஸ் உலகக் கண்காட்சியில். பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் இன்ஜினை அந்த எண்ணெயில் ஓட்டியது. ஆப்பிரிக்காவில் தங்கள் ஆட்சியில் இருந்த நாடுகளில் கடலை விளைகிறது, எரிபொருளும் அங்கேயே கிடைத்துவிடுமே என்பது பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு. கனிம எண்ணெய்க்காகச் செய்த இன்ஜின் எந்த மாற்றமும் இல்லாமல் தாவர எண்ணெயில் ஓடியதாக டீசலே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அது எப்படி முடிந்தது? பெட்ரோல் இன்ஜினில் இருப்பது போன்ற பொறி பிளக் டீசல் இன்ஜினில் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பலமாக அமுக்கினால் அந்த அமுக்கத்திலேயே காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அந்தச் சூட்டுக்குள் எரிபொருளைப் பூந்தூறலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, இன்ஜின் கேட்பது இரண்டே பண்புகள்தான்: எரிய வேண்டும், தூறலாகச் சிதற வேண்டும். எரிவதில் சமையல் எண்ணெய்க்குக் குறை பெரிதாக இல்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் டீசலைவிடச் சற்றுக் குறைந்த வெப்பம் தரும். குறைவு பத்து சதவீதத்துக்குள் அடங்கும். சிக்கல் முழுவதும் சிதறுவதில் இருக்கிறது.

கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பை உதறினால் தூறலாக விழுகிறது அல்லவா? அதே செம்பில் நல்லெண்ணெயை ஊற்றி உதறிப் பாருங்கள். சொட்டுத்தான் விழும். டீசல் இன்ஜினில் எரிபொருளைப் பீய்ச்சும் முனையான நாசிலில் நடப்பதும் இதுதான். 40 டிகிரியில் டீசலின் பாகுத்தன்மை, அதாவது தடிமன், அதற்கான அலகில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ். அதே சூட்டில் கடலை எண்ணெய், பாமாயில் இரண்டும் 35, 40 என்ற அளவில் நிற்கும். ஏறக்குறைய பத்து மடங்கு. தூறலாக வராமல் பெரிய துளியாக வந்த எண்ணெய் முழுதாக எரிவதில்லை. எரியாத பகுதி நாசில் நுனியில் கரியாகப் படிகிறது. கரி படிந்த நாசில் இன்னும் மோசமாகச் சிதறுகிறது. அதனால் கரி இன்னும் கூடுகிறது. பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் ரிங்குகள் அவற்றின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்கின்றன. எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே இருக்கும் இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது. டீசல் அப்படிக் கலந்தால் இன்ஜின் ஆயில் நீர்த்துப்போகும். சமையல் எண்ணெய் கலந்தால் நேர்மாறு: சூட்டிலும் காற்றிலும் இறுகி, கடைசியில் அல்வாப் பதத்துக்கு வந்துவிடும். அந்த நிலையில் இன்ஜினைப் பிரிக்காமல் தப்ப முடியாது.

எனவே "நன்றாக வடிகட்டினால் போதும்" என்பது பாதி உண்மை. வடிகட்டினால் எண்ணெயில் இருக்கும் தூசு போகும், தடிமன் போகாது. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபில்டரில் வடித்த எண்ணெயும் தடித்த எண்ணெய்தான். தடிமனைக் குறைக்க இருக்கும் வழிகள் மூன்று: சூடாக்குவது, டீசலோடு கலப்பது, வேதிவினையால் எண்ணெயையே வேறொரு பொருளாக மாற்றுவது. மூன்றாவதற்குப் பெயர் பயோடீசல். அதைப் பிறகு பார்க்கலாம்.

வடிகட்டுவதற்கு முன்னால் எந்தச் சட்டியிலிருந்து எண்ணெய் வருகிறது என்று பார்க்க வேண்டும். எண்ணெய் சேகரிக்கிறவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை சுட்ட எண்ணெய் ஓரளவு சுத்தமானது. அதில் கிடப்பது அரிசி மாவு, உளுந்து மாவுத் துகள்கள், கொஞ்சம் உப்பு. அதிரசமும் கந்தரப்பமும் சுட்ட சட்டி வேறு. வெல்லம் எண்ணெயில் கரையாது. கருகி அடியில் பிசினாக இறங்கும், ஃபில்டர் துணியை ஒரே ஊற்றலில் அடைத்துவிடும். வடை, பஜ்ஜி, வெள்ளைப் பணியாரம் போன்றவற்றின் மாவில் ஈரம் அதிகம். கொதிக்கும் எண்ணெயில் அந்த ஈரம் எண்ணெயையே உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடும். அவை பம்பின் உலோகத்தை அரிக்கக்கூடியவை. கடைசி இடம் கோழி பொரித்த சட்டிக்கு. இறைச்சியின் கொழுப்பு, சாறு, மசாலா எல்லாம் அதில் இறங்கியிருக்கும். குளிர்ந்தால் கூழாக நிற்கும். குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பற்றிப் பேசவே வேண்டாம். எண்ணெய் தரும் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: "அண்ணே, கோழிச் சட்டியையும் பலகாரச் சட்டியையும் ஒரே டின்னில் ஊற்றிவிடாதீர்கள்."

எண்ணெயின் சாதியும் முக்கியம். கடலை எண்ணெய் நம் ஊர் வெப்பத்தில் எப்போதும் ஓடும் நிலையில் இருக்கும். பாமாயில் மார்கழிக் காலையில் டின்னின் அடியில் வெள்ளையாக உறைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உறைவு ஃபில்டருக்குள் நடந்தால் வண்டி நின்றுவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு அருகிலேயே உறையும். சூரியகாந்தி எண்ணெய் உறையாது, ஆனால் காற்றுப் பட்டால் சீக்கிரம் பிசுக்கேறி வார்னிஷ் போல இறுகும் குணம் அதற்கு அதிகம். ஒன்றில் நல்லது இன்னொன்றில் கெட்டது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கடலை எண்ணெய்க்கே என் ஓட்டு. விலை காரணமாக அதைப் பலகாரச் சட்டியில் பார்ப்பது குறைந்துவருகிறது என்பது வேறு கதை.

வடிகட்டும் வேலை

ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் சுட்ட எண்ணெயை ஊற்றி, ஆட்டாமல் ஒரு வாரம் வைத்துவிடுங்கள். கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் பாதி அந்தப் பாட்டிலிலேயே இருக்கிறது. மேலே தேநீர் நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும் அளவுக்குத் தெளிந்த எண்ணெய் நிற்கும். அதற்குக் கீழே ஒரு விரல் அளவுக்கு மங்கலான, பால் கலந்தது போன்ற பட்டை. அது உறைந்த கொழுப்பும் நுண்ணிய நீர்த்துளிகளும். அடியில் பழுப்பு மண்டி. அந்த மண்டிக்கும் கீழே சில நேரம் ஒரு மெல்லிய கோடாகத் தண்ணீரே தனியாக நிற்கும். எண்ணெயின் அடர்த்தி 0.92, தண்ணீரின் அடர்த்தி 1. அதனால்தான் காத்திருந்தால் தண்ணீர் தானாக இறங்குகிறது.

வடிகட்டலில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான். பெரிய பிளாஸ்டிக் பேரலில் எண்ணெயை ஊற்றி, நிழலில், இரண்டு வாரமாவது அசையாமல் விட வேண்டும். பிறகு மேலிருந்து எடுக்க வேண்டும். அடியில் குழாய் வைத்துத் திறந்தால் மண்டிதான் முதலில் வரும். எனவே குழாயை ஒரு சாண் மேலே வைப்பார்கள், அல்லது மேல்மட்டத்திலேயே குழாய் முனை மிதக்கும்படி கட்டிவிடுவார்கள். அவசரக்காரர்கள் எண்ணெயைச் சூடாக்கி உடனே வடிப்பார்கள். சூட்டில் எண்ணெய் இளகி வேகமாக இறங்கும், உண்மைதான். ஆனால் உறைந்த கொழுப்பும் இளகித் துணியைத் தாண்டிவிடும். ஆறியபின் வண்டியின் ஃபில்டரில் போய் மறுபடி உறையும். சூடான எண்ணெய் தண்ணீரையும் அதிகமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறிய எண்ணெயை வடிப்பதுதான் மெதுவான, சரியான வழி.

தெளிந்ததை முதலில் பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து அதில் வடிக்கலாம். அடுத்து பை போன்ற ஃபில்டர்கள்: 10 மைக்ரான், 5 மைக்ரான், முடிந்தால் 1 மைக்ரான். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன் என்றால் இந்த அளவுகள் எவ்வளவு நுணுக்கம் என்று புரியும். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் டீசல் ஃபில்டர் கடைசிக் காவல். முதல் காவலாக அதை நிறுத்தினால் மாதச் சம்பளத்தில் பாதி ஃபில்டருக்கே போய்விடும்.

தண்ணீரைத் துணியால் வடிக்க முடியாது. அது இருக்கிறதா என்று அறிய, பலகாரம் சுடும் ஆச்சிகளுக்குத் தெரிந்த சோதனையே போதும். உலர்ந்த சிறிய கரண்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயை விட்டு அடுப்பில் காட்டுங்கள். 100 டிகிரியைத் தாண்டும்போது சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் நிறைய இருக்கிறது. சத்தமில்லாமல் பொடிக் குமிழிகள் மட்டும் அடியிலிருந்து எழுந்தால் கொஞ்சம் இருக்கிறது. எதுவும் இல்லாமல் புகையும் நிலைக்குப் போனால் எண்ணெய் உலர்ந்தது. முகத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள், தெறிக்கும். விற்பனைக்கு வரும் டீசலில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் தண்ணீர்தான் அனுமதி. தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே வருகிறது. முறுக்கு மாவின் உப்பு அந்த நீர்த்துளிகளில் கரைந்து நின்று, பம்பின் எஃகுப் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கும். உலோக அரிப்பைப் பற்றி ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் காரைக்குடி; உப்பு நீர் இரும்பை என்ன செய்யும் என்று இங்கே விளக்கத் தேவையில்லை.

எந்த இன்ஜின்

பழைய இன்ஜின், மெதுவாக ஓடுவது, பம்பும் நாசிலும் முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. இந்த மூன்றும் இருந்தால் வாய்ப்பு உண்டு. வயல்களில் ஒற்றைச் சிலிண்டரில் டுப் டுப் என்று அடித்த பழைய ஆயில் இன்ஜின்கள் இதற்குப் பொருத்தமானவை. அவை ஒரே வேகத்தில், ஒரே லோடில், மணிக்கணக்கில் ஓடும். சிலிண்டர் நன்றாகச் சூடேறி நிற்கும். கரி படிய வாய்ப்பு குறைவு. பழைய ஜீப், பழைய அம்பாசிடர் டீசல் போன்றவற்றில், எரிபொருளை முதலில் ஒரு சிறிய முன்னறைக்குள் பீய்ச்சும் வகை இன்ஜின்கள் இருந்தன. அந்த அறையின் சூடும் சுழற்சியும் தடித்த எண்ணெயை ஓரளவு மன்னித்துவிடும். பம்பின் வகையையும் பார்க்க வேண்டும். சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் வரிசைப் பம்பு உள்ள இன்ஜினில் பம்புக்குத் தனியாக இன்ஜின் ஆயில் போகும். சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிடும் ரோட்டரி பம்பு, தான் அனுப்பும் எரிபொருளையே தனக்கு மசகாகவும் வைத்துக்கொள்வது. காலையில் குளிர்ந்த தடித்த எண்ணெயை அதற்குள் தள்ளினால் உள்ளே முறிந்துபோகவும் கூடும்.

எரிபொருளை ஒரு பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் தேக்கிப் பீய்ச்சும் இன்றைய காமன் ரெயில் வண்டிகளைத் தொடவே தொடாதீர்கள். பழைய நாசில்கள் இருநூறு பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் திறப்பவை. காமன் ரெயிலில் அழுத்தம் 1,600, 2,000 பார் என்று போகும். அவற்றின் இன்ஜெக்டர் துளைகள் அத்தனை நுண்மையானவை. ஒரு செட் மாற்றும் செலவில் எத்தனையோ டின் புது எண்ணெயே வாங்கிவிடலாம். புகைக் குழாயில் இருக்கும் துகள் வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும்.

பொருத்தமான இன்ஜின் கிடைத்தால், முறையாகச் செய்கிறவர்கள் இரண்டு டேங்க் வைப்பார்கள். ஒன்றில் டீசல், ஒன்றில் எண்ணெய். டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகும் வரை அதிலேயே ஓட்ட வேண்டும். ரேடியேட்டருக்குப் போகும் வெந்நீரை எண்ணெய்க் குழாயைச் சுற்றி ஓடவிட்டு எண்ணெயை 70, 80 டிகிரிக்குக் கொண்டுவருவார்கள். அந்தச் சூட்டில் அதன் தடிமன் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். அப்போதும் டீசலைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும், ஆனால் பழைய நாசில் சமாளிக்கும். சூடேறியபின் வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றலாம். நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மறுபடி டீசலுக்கு வந்து, குழாயிலும் பம்பிலும் இருக்கும் எண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். இதை மறந்து எண்ணெயோடு நிறுத்திவிட்டால், மறுநாள் காலை பம்புக்குள் ஆறிய எண்ணெய். ஸ்டார்ட் ஆகாது, மெக்கானிக் வந்து குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போய் வருகிற வண்டிக்கு இந்த ஏற்பாடு வீண். இன்ஜின் சூடாகும் முன்பே பயணம் முடிந்துவிடும். காரைக்குடியிலிருந்து திருச்சி, மதுரை என்று நிற்காமல் ஓடும் தூரம் இருந்தால்தான் அர்த்தம்.

எண்ணெய்க் குழாய்க்குச் செம்பு கூடாது; செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் பிசினாகும். துத்தநாகம் பூசிய டேங்கும் வேண்டாம். சாதாரண ரப்பர் குழாய் நாளடைவில் ஊறி இளகும். இன்ஜின் ஆயிலை வழக்கமான இடைவெளியில் பாதிக்கே மாற்றிவிட வேண்டும்.

டீசலோடு கலப்பது இதைவிட எளிது. நூற்றுக்கு இருபது பங்கு எண்ணெய் கலந்தால் கலவையின் தடிமன் 5 சென்டிஸ்டோக்ஸுக்கு அருகில் வரும். டீசலின் மேல்வரம்பை ஒட்டிய அளவு. ஆனால் எளிது என்பதாலேயே ஆபத்து. இருபது முப்பதாகும், முப்பது ஐம்பதாகும், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகும். பெட்ரோல் ஊற்றித் தடிமனைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சமையல் எண்ணெய் 200 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும். பெட்ரோல் கலந்த டின் சாதாரண வெப்பத்திலேயே பிடிக்கும். அதைச் செய்யாதீர்கள்.

சட்டமும் பயோடீசலும்

சாலையில் ஓடும் வண்டிக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற்ற வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட கிட் வேண்டும். கைவேலையாகப் பொருத்திய எண்ணெய் டேங்கோடு விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் கருத்து இதுதான்: சொந்தத் தோட்டத்தில் நிற்கும் பழைய ஆயில் இன்ஜின், பழைய ஜெனரேட்டர் இவற்றோடு இந்தச் சோதனையை நிறுத்திக்கொள்ளலாம், சாலை வண்டிக்கு வேண்டாம்.

கடைகளில் மிஞ்சும் பெரிய அளவு எண்ணெய்க்கு அரசே ஒரு வழி வைத்திருக்கிறது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் கூடும் கெட்ட சேர்மங்களை மொத்தமாக அளக்கிறார்கள். அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதே ஆண்டு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 'ரூகோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயன்படுத்திய எண்ணெயைக் கடைகளிலிருந்து வாங்கிப் பயோடீசல் ஆலைக்கு அனுப்புவது அதன் வேலை. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்குப் புத்தகம் வைக்கவும் வேண்டும். இதன் உண்மையான நோக்கம் எரிபொருள் மட்டுமல்ல. பெரிய கடையில் கழித்த எண்ணெய் மலிவு விலையில் சாலையோரச் சட்டிக்குப் போய், மறுபடி நம் வயிற்றுக்கே வருவதைத் தடுப்பது.

ஆலையில் நடப்பது என்ன? எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளை ஒரு கிளிசரின் முதுகெலும்பில் கோத்தது. அதன் தடிமனுக்குக் காரணமே அந்தப் பருமன். மெத்தனாலையும் காஸ்டிக் காரத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் மூன்று சங்கிலிகளும் கழன்று தனித்தனியாக மெத்தனாலோடு சேர்ந்துகொள்கின்றன. கிளிசரின் அடியில் இறங்கிவிடுகிறது. ஏறக்குறைய 100 லிட்டர் எண்ணெயும் 20 லிட்டர் மெத்தனாலும் போட்டால் 100 லிட்டர் அளவுக்குப் பயோடீசல் கிடைக்கும். அதன் பாகுத்தன்மை 4, 5 என்ற அளவுக்கு இறங்கிவிடும். சூடாக்கவும் வேண்டாம், இரண்டு டேங்கும் வேண்டாம். தடிமனுக்கு இதுதான் உண்மையான தீர்வு. ஆனால் கொல்லைப்புறத்தில் செய்யும் வேலையல்ல. மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிப்பது, பகலில் எரிந்தால் சுடர்கூடச் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வை போகலாம்.

தோட்டத்து ஆயில் இன்ஜினுக்காக எண்ணெய் வடிக்க இறங்குகிறவர்கள் துணி விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். எண்ணெய் ஊறிய வேட்டித் துணியைச் சுருட்டி மூலையில் குவித்துப் போடக் கூடாது. எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது சூடு பிறக்கும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கி, யாரும் தீ வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். சூரியகாந்தி போன்ற எண்ணெய்களில் இந்த ஆபத்து அதிகம். துணியை விரித்துக் கொடியில் போட்டு வையுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்கி வையுங்கள். மண்டியைச் சாக்கடையில் ஊற்றாமல், மரத்தூளோடு பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விறகடுப்பில் எரித்துவிடலாம்.